பறக்கும் தட்டுக்கு மாரியம்மன் பாட்டு

1963ல் வந்த 'கலை அரசி' படத்தில் வேற்றுக் கிரகத்துக்காரர்கள் பூமிக்கு வந்து இறங்குவது தங்கத்துக்காக அல்ல, தண்ணீருக்காகவும் அல்ல. பாட்டுக்காக. அவர்கள் கிரகத்தில் விஞ்ஞானம் கொட்டிக் கிடக்கிறது, கலைதான் பஞ்சம். நன்றாகப் பாடுகிற பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போய் வாத்தியாராக வைத்துக்கொள்ளலாம் என்று நம்பியார் பறக்கும் தட்டில் வருகிறார். தூக்கிப் போவது பானுமதியை. எம்.ஜி.ஆர். சும்மா விடுவாரா? மாறுவேடம் போட்டுக்கொண்டு அந்தக் கிரகத்துக்கே போய் மீட்டு வருகிறார். ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அமெரிக்கக்காரனும் ரஷ்யாக்காரனும் ராக்கெட்டில் என்ன எரிபொருள் ஊற்றுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், ராக்கெட் எதற்கு என்ற கேள்விக்குத் தமிழ் சினிமா பதிலே சொல்லிவிட்டது: பாட்டுக் கற்றுக்கொள்ள.

இந்தப் படத்தை நான் பார்த்தது எழுபதுகளில், சுங்கை சோ பக்கத்துத் தோட்டத்துத் திடலில். புதுப் படமெல்லாம் பட்டணத்துக்கு. தோட்டத்துக்கு வருவது பத்து வருடம் பழசான, மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்த பிரதி. திருவிழா முடிந்த மறுநாளோ தீபாவளிக்கு முன்னாலோ ஒரு வேன் வரும். பந்துக் கம்பம் இரண்டுக்கும் நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்வரிசையில் கிராணியார் வீட்டு நாற்காலிகள், அதற்குப் பின்னால் பாய், அதற்கும் பின்னால் கள்ளுக்கடையிலிருந்து நேராக வந்தவர்கள். இடம் கிடைக்காதவர்கள் துணிக்கு மறுபக்கம் உட்கார்ந்துகொள்வோம். அங்கே எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும், எம்.ஜி.ஆர். இடது கையால் கத்தி சுற்றுவார். கதைக்கு ஒன்றும் குறைவில்லை.

படக்காரர் ஒருவர்தான்; மெஷினும் ஒன்றுதான். 16 எம்எம் படச்சுருள், பெரிய சக்கரமாக இருந்தாலும் முக்கால் மணி நேரம் ஓடினால் அதிகம். தீர்ந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த சக்கரத்தை மாட்டி, பிலிமைப் பல்லில் கோத்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த இடைவெளியில் ஜனம் கலைந்துவிடக் கூடாது. அதற்காகத் தென்னை மரத்தில் கட்டிய ஸ்பீக்கரில் இசைத்தட்டு ஒன்றைப் போடுவார். என்ன தட்டு என்பது அவர் இஷ்டம். அதில் யாரும் தலையிட முடியாது, கிராணியார் உட்பட.

'கலை அரசி' ஓடிய இரவில், பறக்கும் தட்டு பானுமதியை ஏற்றிக்கொண்டு கிளம்புகிற இடத்தில் சுருள் தீர்ந்தது. படக்காரர் எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டுத் தட்டை எடுத்துப் போட்டார். பம்பையும் உடுக்கையும் இருட்டில் கிளம்பின. பாயில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி இரண்டு வரி தாங்கினாள். மூன்றாவது வரியில் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டாள். சாமி வந்துவிட்டது. வேப்பிலை கொண்டு வா, மஞ்சத் தண்ணி கொண்டு வா என்று திடலே அல்லோலகல்லோலம். படக்காரரின் கை தட்டை நிறுத்தப் போனது. பூசாரி ஒரு முறை முறைத்தார். கை தானாகத் திரும்பி வந்தது. பாட்டு முழுசாக முடிந்து, சாமி மலையேறி, கிழவிக்குச் சோடா கொடுத்து உட்காரவைத்த பிறகுதான் பறக்கும் தட்டு வேற்றுக் கிரகத்தில் இறங்கியது. எங்கள் வயதுக்காரர்களுக்கு இன்றைக்கும் அந்தப் படத்தில் விண்வெளிப் பயணம் என்றால் அது உடுக்கைச் சத்தம்தான். கே.வி. மகாதேவன் அந்த இடத்துக்கு என்ன வாசித்திருந்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இதே காரியத்தை 1968ல் ஸ்டான்லி குப்ரிக் செய்தார். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்கு அலெக்ஸ் நார்த் என்ற இசையமைப்பாளரை அமர்த்தி, அவர் ராப்பகலாக எழுதிக் கொடுத்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, விண்கலம் சுழல்கிற காட்சிக்கு நூறு வருடப் பழசான யோகான் ஸ்டிராஸின் நடன இசையை வைத்தார். தன் இசை படத்தில் இல்லை என்பது நார்த்துக்குத் தெரிந்ததே படத்தைத் திரையில் பார்த்தபோதுதான். குப்ரிக்கை மேதை என்றார்கள். இன்றைக்கும் அதைப் பாடமாக நடத்துகிறார்கள். எங்கள் படக்காரருக்கு அன்றிரவு கிடைத்தது ஒரு பொட்டலம் மீகூன்.

அந்தப் படத்தில் வரும் ஹால் என்ற கம்ப்யூட்டர், சாகிற நேரத்தில் 1892ல் எழுதப்பட்ட ஒரு ஆங்கிலக் காதல் பாட்டைப் பாடும். அது கற்பனைச் சரக்கு இல்லை. 1961ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு ஐபிஎம் இயந்திரத்தை அதே பாட்டைப் பாடவைத்திருந்தார்கள். கொழும்பில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க் அங்கே போனபோது காதால் கேட்டு, கதையில் சேர்த்துக்கொண்டார். இயந்திரம் பாடினால் ஊரறிந்த பழைய பாட்டைத்தான் பாட வேண்டும் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. புதுப் பாட்டைப் பாடினால் அது சரியாகப் பாடுகிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

1986ல் 'விக்ரம்' வந்தது. சுஜாதா கதை, கமல், இளையராஜா, கடத்தப்பட்ட அக்னிபுத்திரன் ராக்கெட், சலாமியா என்று ஒரு ராஜ்ஜியம். அதற்குள் தோட்டத்துக்கு வீடியோ வந்திருந்தது. லயத்தில் ஆளுக்கு ஒரு வெள்ளி போட்டு வாடகைக்கு டெக் எடுத்து, விடிய விடிய மூன்று படம். ரிமோட் எங்கள் பெரியப்பாவிடம். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது: கம்ப்யூட்டர் வந்தால் ஓட்டு, பாட்டு வந்தால் நிறுத்து. சுஜாதா பாடுபட்டு எழுதிய விஞ்ஞானம் முழுவதும் எங்கள் லயத்தில் நாலு மடங்கு வேகத்தில் ஓடியது. பெரியப்பா திணறிய ஒரே இடம் டைட்டில் பாட்டு. அதில் இயந்திரக் குரலும் இருக்கிறது, பாட்டும் இருக்கிறது. ஓட்டுவதா நிறுத்துவதா? ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "என்ன எளவுடா இது" என்றார். சங்கீத விமர்சனத்தில் அதைவிடத் துல்லியமாக அந்தப் பாட்டைப் பற்றி இன்றுவரை யாரும் எழுதவில்லை.

பிறகு 'எந்திரன்'. அதன் பாட்டுகளை முதல்முதலாக வெளியிட்டதே நம் மண்ணில். 2010 ஜூலை 31, புத்ராஜெயா மாநாட்டு மண்டபம். ரஜினி, ஷங்கர், ரகுமான் எல்லாரும் வந்து இறங்கினார்கள். ரோபோவுக்கு முதல் பாட்டை எஸ்.பி.பி. பாடியிருந்தார். எஃகு, சிலிக்கான் என்று வார்த்தை போட்டாலும் குரல் என்னவோ தேன்தான். விஞ்ஞானியும் காதலியும் ஆப்பிரிக்க மலையின் பெயரைச் சொல்லிக்கொண்டு பெரு நாட்டு மாச்சு பிச்சுவில் ஆடினார்கள். ரோபோவுக்கும் அந்த மலைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. பெரியப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரும் கேட்டிருக்க மாட்டார். எட்டு வருடம் கழித்து '2.0' வந்தபோது டூயட்டைக் கொண்டுபோய்க் கடைசியில், பெயர்கள் ஓடுகிற நேரத்தில் வைத்தார்கள். ஜனங்கள் எழுந்து காடிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதே 2018ல் வந்த 'டிக் டிக் டிக்' இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்று விளம்பரமானது. 'கலை அரசி'யைப் பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டோம். அதிலும் நிலைத்தது இமான் போட்ட அப்பா பிள்ளை பாட்டுத்தான்.

இதற்குள் தோட்டம் போய்விட்டது. கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான் வந்தது. பத்தாங் பெர்சுந்தை பெஸ்தாரி ஜெயா ஆனது. சுங்கை சோ என்றால் இப்போது எல்லாருக்கும் பெரோடுவா. 1994ல் அவர்கள் விட்ட கான்சில் காடிதான் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு முதல் காடி. விடியற்காலையில் பிரட்டுக்கு நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் விடியற்காலை ஷிஃப்டுக்கு நிற்கிறார்கள், இரும்பைப் பற்றவைக்கிற ரோபோக் கைகளுக்குப் பக்கத்தில். எங்கள் பெரியப்பா ஓட்டிவிட்ட பகுதியெல்லாம் இங்கேதான் வந்து நின்றிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை மகன் குறும்படம் எடுக்கிறான். ஏதோ போட்டிக்கு அனுப்ப வேண்டுமாம், பதினைந்து நிமிடத்துக்குள். கதை இது: 2075ம் வருடம், ஆளே இல்லாத செம்பனைக் காட்டில் பறக்கும் தட்டு இறங்குகிறது. உள்ளிருந்து வருகிற வேற்றுக் கிரகவாசி இடிந்த லயத்து வீடு ஒன்றில் நுழைந்து, ஒரு கேசட் ரேடியோவைக் கண்டெடுத்துப் பட்டனை அமுக்குகிறது. பாட்டு வருகிறது. அந்தப் பாட்டு எது என்று சொல்வதற்குத்தான் என்னிடம் வந்தான்.

"எய்ட்டீஸ் பாட்டா வேணும் மாமா. ரொம்ப ஃபேமஸா இருக்கக் கூடாது. ஆனா போட்டதும் எல்லாருக்கும் தெரியணும்."

நான் முதலில் கேட்டது கேசட்டைப் பற்றி. நம் ஊர் ஈரத்தில் கேசட் என்ன பாடுபடும் என்று அவனுக்குத் தெரியாது. மழைக்காலம் இரண்டு போனால் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கும். பென்சிலைச் சக்கரத்தில் விட்டுச் சுற்றினால் ஒட்டிக்கொண்ட இடம் பிசுபிசுவென்று பிரியும். அந்த இடத்தில் ஜானகி தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போல் கேட்கும். பேட்டரியோ பொங்கி, பச்சையாக உப்புப் பிடித்து, கம்பியைத் தின்றுவிட்டிருக்கும். 2075ல் எப்படியப்பா பாடும் என்றேன்.

"மாமா, வேற கிரகத்துலேருந்து ஆளு வர்றதை நம்புறீங்க, பேட்டரியை நம்ப மாட்டேங்கிறீங்களே!"

நியாயம்தான். மேலும் அவன் கையில் பெரிய சாட்சி இருந்தது: 2014ல் வந்த 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி'. அதில் சின்ன வயதில் வேற்றுக் கிரகத்துக்காரர்கள் தூக்கிப்போன பையன், அம்மா கொடுத்த கேசட்டை 1979ல் வந்த சோனி வாக்மேனில் போட்டு அண்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிகிறான். இயக்குநர் ஜேம்ஸ் கன் கதை எழுதும்போதே பாட்டுகளைப் பொறுக்கி எழுதிவிட்டாராம். ஒரு புதுப் பாட்டுக்கூட இல்லாத அந்த ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதிலிருந்து உலகத்தில் எந்த விண்கலத்தைத் திறந்தாலும் உள்ளே பழைய பாட்டு. அடுத்த வருடம் 'தி மார்ஷியன்' வந்தது. செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவனுக்குக் கேட்கக் கிடைப்பது தலைவியம்மா விட்டுப்போன எழுபதுகளின் டிஸ்கோ மட்டும். உருளைக்கிழங்கு பயிரிட்டுக்கொண்டே அதைத் திட்டுகிறான். எனக்கு அது பிடித்தது. பிடிக்காத பாட்டை வேறு வழியில்லாமல் கேட்பது என்றால் என்ன என்று ஸ்பீக்கர் கட்டிய தென்னை மரத்துக்கு எதிர்வீட்டில் வளர்ந்தவனுக்குத் தெரியும்.

தமிழிலும் இதே காற்றுத்தான். லோகேஷ் கனகராஜ் 2022 'விக்ரம்' படத்தில், 1995ன் 'அசுரன்' படத்துக்கு ஆதித்யன் போட்ட பாட்டைச் சண்டைக்கு நடுவில் எடுத்து விட்டார். அது தேர்வு. ஊர் மறந்துபோன தட்டை அடுக்கிலிருந்து உருவுவதற்குக் காது வேண்டும். எங்கள் படக்காரருக்கு இருந்த காது. அதற்குப் பிறகு வந்தவர்கள் பலர் காதைக் கழற்றி வைத்துவிட்டுக் கைதட்டலை எண்ண ஆரம்பித்தார்கள். கதாநாயகன் கதவைத் திறக்கிறானா, போடு ஒரு இளையராஜா. 'மார்க் ஆண்டனி'யில் 1975க்கே டெலிபோன் போட்டுப் பேசினார்கள், சில்க் ஸ்மிதாவைத் திரும்ப வரவழைத்தார்கள். காலயந்திரம் செய்வதற்குத் தொழிற்சாலை எதற்கு, இரண்டு வரிப் பழைய பாட்டு போதும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

செலவில்லாத யந்திரம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. 2025ல் 'குட் பேட் அக்லி' படத்தில் தன் பாட்டுகளைக் கேட்காமல் எடுத்தாண்டார்கள் என்று இளையராஜா வழக்குப் போட, சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சிக்கிய மூன்று பாட்டில் ஒன்று 1986 'விக்ரம்' படத்துப் பாட்டு. ராக்கெட்டைத் தேடிப்போன படத்திலிருந்து அடியாள் படத்துக்குத் தாவி, அங்கிருந்து கோர்ட்டுக்குப் போய்விட்டது.

மருமகனுக்கும் இதுதான் இடித்தது. பாட்டை ரேடியோவிலோ கடையிலோ போடுவதற்கு ஒரு உரிமம்; அது ஒரு பக்கம். படத்துக்குள் ஒட்டுவதற்கு வேறு அனுமதி, அதுவும் இரண்டு. இசையும் வரிகளும் யாருடையதோ அவரிடம் ஒன்று, ஒலிப்பதிவு யாருடையதோ அவரிடம் இன்னொன்று. நாற்பது வருடத்துக்கு முன் கேசட் போட்ட கம்பெனி கைமாறி, அது இன்னொரு கம்பெனிக்குக் கைமாறி, கடைசியில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிவதற்குள் போட்டித் தேதி முடிந்துவிடும். போட்டிக்காரர்களோ கடிதம் இல்லாமல் படத்தை வாங்க மாட்டார்கள். அன்றைக்கு எல்.ஆர். ஈஸ்வரியை வேற்றுக் கிரகத்துக்கு அனுப்பிய படக்காரர் யாரைக் கேட்டார்? பூசாரியைக்கூடக் கேட்கவில்லை.

"அப்ப ஏஐகிட்ட ஒரு பாட்டு போடச் சொல்லட்டுமா மாமா? எய்ட்டீஸ் மாதிரியே போட்டுத் தரும். செத்துப்போனவங்க குரல்லகூட."

விளையாட்டாகச் சொன்னான். ஆனால் அது ஏற்கெனவே நடந்துவிட்டது. 2024 தொடக்கத்தில் 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ரகுமான் இயந்திரத்தால் உண்டாக்கினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்துத்தான். அதே வருடம் 'வேட்டையன்' பாட்டில் அனிருத் ஒருவரைப் பாடவைத்தார். தாமான் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோவில் அந்தக் குரல் வந்ததும் கல்லுக்குப் பக்கத்தில் நின்றவர், "யேய், நம்ம மலேசியா வாசுதேவன்!" என்றார். 2011ல் போனவர். இந்த நாட்டில் பிறந்து, இங்கே நாடகக் கொட்டகையில் நடித்துவிட்டுச் சென்னைக்குக் கப்பலேறி, '16 வயதினிலே'யில் தமிழ்நாட்டையே ஆடவைத்து, ஊர்ப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட மனிதர். கடையில் ஒருவரும் பயப்படவில்லை. ஒருவர் இன்னொரு தே தாரிக் சொன்னார். ஹால் என்ற கம்ப்யூட்டர் பாடியபோது உலகத்துக்கு மயிர்க்கூச்செறிந்ததாம். எங்களுக்கு ரொட்டி ஆறிப்போகிறது என்பதுதான் கவலை.

ஆக, விண்வெளிப் படத்தில் பழைய பாட்டு ஓடுகிறது. போலீஸ் படத்துப் பாட்டைச் செத்தவர் பாடுகிறார். விஞ்ஞானம் கதையிலிருந்து கிளம்பிப் பாட்டுக்குள் குடிபோய்விட்டது. படத்தில் மிஞ்சியிருப்பது உடுப்பு மட்டும். மருமகன் படத்தில் அதுவும் பாசார் மாலத்தில் வாங்கிய வெள்ளித்தாள்.

நிஜமாகவே வேற்றுக் கிரகத்துக்குப் பாட்டு போயிருக்கிறது என்பதையும் அவனிடம் சொன்னேன். 1977ல் போன இரண்டு வாயேஜர் கலங்களிலும் தங்க முலாம் பூசிய தட்டு இருக்கிறது. பாக், பீத்தோவன், ராக் அண்ட் ரோல், இந்துஸ்தானியில் கேசர்பாய் கேர்கர். கூடவே 55 மொழியில் வணக்கம். தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களமும் உண்டு. தமிழ் இல்லை. "பாட்டு வாத்தியார் தேடி வந்தவனுக்கு நாம அட்ரஸே குடுக்கலையா?" என்றான். எங்கள் லயத்துக் கடைசி வீட்டுத் தெலுங்குக்காரர் இருந்திருந்தால் இரண்டு நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பார்.

கடைசியில் கேசட் யோசனையே கைவிடப்பட்டது. வேற்றுக் கிரகவாசி இறங்குகிற இடத்தில் தூரத்திலிருந்து உறுமி மேளம் கேட்கும் என்று கதையை மாற்றினான். உரிமைச் சிக்கல் இல்லை, ஆள் நம் தாமானிலேயே இருக்கிறது. உறுமிக் குழுத் தலைவரைப் பார்க்க என்னையும் கூட்டிப் போனான். மனிதர் கதையை முழுசாகக் கேட்டார். பறக்கும் தட்டு, செம்பனை, 2075 எதற்கும் முகத்தில் அசைவில்லை. உறுமித் தோலை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"வர்றவரு நல்லதுக்கு வர்றாரா, கெட்டதுக்கு வர்றாரா தம்பி? ரெண்டுக்கும் அடி வேற."

மருமகன் என்னைப் பார்த்தான். "அது இன்னும் முடிவு பண்ணல அண்ணே. கடைசிலதான் தெரியும்."

"அப்ப சாமி அடி அடிச்சிருவோம். எதுக்கும் பொருந்தும்" என்றார். பிறகு, "பாதிப் பணம் இப்பவே குடுத்துருங்க, பசங்க எட்டுப் பேரு, சாப்பாடு தனி."